ஜகதீசனின் விரதங்கள்

"ஏன்னா, இன்னிக்கு எந்த சாமி?" இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள் கல்பகம்.

"வியாழக்கிழமை. ராகவேந்திரர்," என்று செருப்பை மாட்டினார் ஜகதீசன்.

திங்கள் சிவனுக்கு, வியாழன் ராகவேந்திரருக்கு, சனி பெருமாளுக்கு. மிச்ச நாட்களுக்கு ஏகாதசி, சஷ்டி, கிருத்திகை என்று பஞ்சாங்கம் கைகொடுத்தது. எழுபதுகளில், தெலுங்கு மாநிலத் தலைநகரில், பாலாநகரின் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் உதவி ஃபோர்மேனாக இருந்த அவர் பக்தர்தான். ஆனால் இவ்வளவு பெரிய பக்தர் இல்லை. அவருக்குப் பெருங்குடலில் புண். திடீரென்று வயிறு முடுக்கும், ரத்தமும் போகும், அடக்கினால் அடங்காது. ஹப்சிகுடாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி நேரம் போக வேண்டும். வயிற்றில் ஒன்றுமில்லாவிட்டால் தொல்லையும் இராது என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார்.

"வேளைக்குச் சாப்ட்டு மாத்திரை போட்டுண்டா எல்லாரையும் போல இருக்கலாம்னு டாக்டர் சொன்னார். பட்டினி கெடந்தா ஆஸ்பத்திரிலதான் படுக்கணும்னும் சொன்னார்," என்றாள் கல்பகம்.

சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டிய மாத்திரை. சாப்பாடே இல்லாதபோது அது டப்பாவிலேயே தூங்கியது. அவருடைய சட்டைகளெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன.

பஸ்ஸில் விஷயத்தைச் சொல்லிவிடலாமே என்றால், சொன்னவர் கதி அவருக்குத் தெரியும். போன வருஷம் வயிற்றுப்போக்கென்று, அதே பஸ்ஸில் வரும் உமாசங்கர் ஒரே ஒரு முறை வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். அன்று முதல் அவர் பெயர் 'சொம்பு'. வைத்தவர் ஸ்டோர்ஸ் வரதராஜன். அதே வரதராஜன் இப்போது ஜகதீசனைக் கண்டால் கும்பிட்டு, தன் பெண்ணுக்கு நல்ல வரனாக அமைய வேண்டிக்கொள்ளச் சொல்கிறார். பட்டினி கிடந்தால் கும்பிடு, வயிறு கலங்கினால் கேலி. இதுதான் நம்மவர் நியாயம்.

அன்று வழியில் சனத்நகர் வந்ததும் வயிறு முறுக்கியது. பட்டினி எதையும் தடுக்கவில்லை. வேர்த்துக் கொட்ட, கம்பியைப் பிடித்துக்கொண்டே டிரைவர் ஜேம்ஸிடம் போனார்.

"நிறுத்துப்பா. அவசரம்."

லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த ஜேம்ஸுக்கு அந்த வழியெல்லாம் அத்துப்படி. ஒரு பட்டறை வாசலில் நிறுத்தி, காவலாளியிடம் தெலுங்கில் ஏதோ சொல்லி அவரை உள்ளே அனுப்பினான்.

திரும்பி வந்தபோது பஸ்ஸில் அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். இனிப் பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

"விரதமெல்லாம் பொய். எனக்குக் குடல்ல புண். யாருக்கும் ஒட்டாது. சாப்ட்டாத்தான் மருந்து போட்டுக்க முடியும். சாப்ட்டா வழியில எறங்க வேண்டி வருமோன்னு பயம். எனக்கும் ஒரு பேர் வெச்சிடுவேளோன்னு பயம்."

யாரும் சிரிக்கவில்லை. வரதராஜன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதுக்குக் கைக்கு சார், ஏன் சார் பயம்?" என்றான் ஜேம்ஸ். "வழி முழுக்க நமக்குத் தெரிஞ்ச எடம் இருக்கு. நாளைலேர்ந்து முன்சீட்டுல உக்காருங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க, நிறுத்துறேன்."

வெள்ளியும் சனியும் லீவு போட்டு டாக்டரைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை, இட்லியும் மாத்திரையும் உள்ளே போன நிம்மதியோடு ஜகதீசன் பஸ் ஏறினார். முன்சீட்டு வரதராஜன் வழக்கமாக உட்காருமிடம். அவர் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, பின்னால் உமாசங்கர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பஸ் முழுக்கக் கேட்கும்படிதான் பேசினார்.

"ஓய் உமாசங்கர், அந்தப் பேரை வெச்சது நான். மன்னிச்சுடும். மருந்து இருக்கிற வியாதிக்கு ஒரு மனுஷன் பட்டினி கெடந்தார்னா, அது என் வாயாலதான். உடம்புக்கு வந்ததைச் சொல்றவனுக்கு என்ன வெக்கம்? அதைக் கேட்டுச் சிரிக்கறவன்தான் வெக்கப்படணும்."