பதினேழரைச் சுற்று

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: என் மனைவிக்கும் அவள் தம்பிக்கும் ஒரு பொம்மைக் கார் விஷயமாகச் சண்டை வந்தது. இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து, "நீங்க யார் பக்கம்?" என்று கேட்டார்கள். அவளிடம் உன் பக்கம் என்றேன். அவனிடமும் உன் பக்கம் என்றேன். இரண்டும் பொய்யில்லை, அதுதான் தொல்லை. எழுதிப் பார்த்தால் எனக்கே தெரிந்துவிடும் என்று உட்கார்ந்தேன்.

முதல் வரியாக இதை எழுதினேன்:

'ரிமோட் காரின் உயிர் அதன் மோட்டாரில் இருக்கிறது. அறிவோ அதன் ஸ்பீட் கன்ட்ரோலரில்'

நிறுத்திவிட்டேன். பொருட்காட்சியில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது.

இரண்டாவது முயற்சி:

'அவள் விரல் அசைய மறுத்த அந்தக் காலையில்'

இதையும் முடிக்கவில்லை. பின்னால் வந்து நின்ற என் மனைவி, "மறுக்கவெல்லாம் இல்லை. அதுபாட்டுக்கு அசைஞ்சுது. நான் சொன்னப்போ மட்டும் அசையல. ரெண்டும் வேற வேற," என்று சொல்லிவிட்டுக் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆக, தொடக்க வரி இல்லாமலேயே கதை தொடங்கிவிட்டது.

(மேலே பொம்மைக் கார் என்று எழுதியிருக்கிறேன். மைத்துனன் படித்தால் ஒரு வாரம் பேசமாட்டான். அது பொம்மை இல்லை, பொழுதுபோக்கு என்பான். பொழுது மட்டுமா போகிறது என்று நான் கேட்பேன். இருக்கட்டும், மாற்றவில்லை.)

2

என் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். நடுங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடியே ஊர் சுற்ற வைத்துவிடுவாள். போன வருடம் மூளையில் ஒரு சின்ன ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. சீக்கிரம் கவனித்ததால் பேச்சும் நடையும் திரும்பிவிட்டன. இடது கை மட்டும் அரை மனதோடு திரும்பியது. குறிப்பாக ஆள்காட்டி விரல். ஒன்று, அது மடங்கவே மடங்காது. இல்லையென்றால் முழுசாக மடங்கும். நடுவில் கொஞ்சம் என்பது கிடையாது. இப்போதைக்கு ஓட்டவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டில் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளின் கியர் மாற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். "செகண்டுக்கு வாடா, செகண்டுக்கு வா," என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்வாள்.

அப்போதுதான் அவள் தம்பி அந்தக் காரைக் கொண்டுவந்தான். முழங்கை நீளம் இருக்கும். பழைய ஆரஞ்சு மூடி, உள்ளே அவனே பூட்டிய மோட்டார், பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஸ்பீட் கன்ட்ரோலர். ரிமோட் துப்பாக்கி வடிவத்தில் இருக்கும். இடது கையால் பிடித்து ஆள்காட்டி விரலால் விசையை இழுத்தால் வேகம். வலது கையால் பக்கத்தில் உள்ள சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் கார் திரும்பும்.

"விரலுக்கு வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர் சொன்னார்ல? களிமண்ணைப் பிசையறதுக்கு இது மேல் இல்லையா அக்கா?" என்றான்.

அவள் அந்த ரிமோட்டை வாங்கிய விதத்தை மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். ஒன்றும் பெரிதாக இல்லை. வாங்கினாள். கீழே வைக்கவில்லை. அவ்வளவுதான்.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம், சண்டைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். சுற்று குறையக் குறைய வேகம் கூடும், அடக்குவதும் கஷ்டம். சுற்று கூடினால் நிதானம். ஸ்பீட் கன்ட்ரோலரின் வேலை, விரல் சொல்வதை மோட்டாருக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்வது. சொன்னதைச் சொன்னபடி சொல்லும்படியும் வைக்கலாம், கொஞ்சம் குறைத்துச் சொல்லும்படியும் வைக்கலாம். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நிற்கிற மகன் மாதிரி.*

மைத்துனன் வைத்தது குறைந்த சுற்று மோட்டார். அவன் பெட்டியில் சும்மா கிடந்தது. ஆனால் கன்ட்ரோலரில், விசையை எவ்வளவு இழுத்தாலும் பாதி வேகத்துக்குக் கொஞ்சம் மேலே போகாதபடி கட்டிவைத்தான். கட்டியதை யாரிடமும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. ஆள்மேல் இல்லை, பாத்திரத்தின்மேல். இப்படி எழுதினால் வாசகர் அவனைக் கெட்டவனாக எடுத்துக்கொள்வாரே? அவன் லிஃப்ட் மெக்கானிக். மூடப்போகும் கதவுக்கு நடுவில் யாராவது கையை நீட்டினால் கதவு தானாகத் திறக்கவேண்டும், அதைச் சரிபார்ப்பது அவன் பிழைப்பு. எதற்கும் ஒரு தடுப்பு வைக்காமல் அவனால் தூங்கமுடியாது. "முதல் நாளே சுவர்ல போய் மோதிட்டா அக்கா ரிமோட்டைக் கீழ வெச்சுடுவா மாமா. அப்புறம் எடுக்கவே மாட்டா," என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். அது உண்மைதான். அவளை எனக்குத் தெரியும்.

(*இந்த உவமை எங்கள் வீட்டைக் குறிப்பதல்ல.)

4

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிடங்கின் வண்டி நிறுத்துமிடத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைத் தரையில் வளைத்து வளைத்துப் போட்டு ஓடுபாதை அமைப்பார்கள். என் மனைவி வாரம் தவறாமல் போனாள். மோதினாள், கவிழ்த்தாள், பிறகு கவிழ்க்காமல் ஓட்டினாள்.

ஒன்று மட்டும் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் புறப்படும்போது கார் ஒரு உதறு உதறிவிட்டுத்தான் கிளம்பும். அப்போதெல்லாம் அவள் தன் விரலைப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்ததும் மேசை ஓரத்தில் அந்த விரலை வைத்து மெல்ல மடக்கி மடக்கிப் பழகுவாள். எங்களிடம் ஒன்றும் சொல்லமாட்டாள்.

ஒரு ஞாயிறு, அங்கே வழக்கமாக வருகிற பல் டாக்டர் அம்மா அவள் காரைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்களுதும் என் மோட்டார்தானா! அப்புறம் ஏங்க நேர்ப் பாதையில என் வண்டி உங்களைச் சும்மா தாண்டிப் போகுது? வேகத்தைக் கட்டி வெச்சிருக்கீங்களா?"

என் மனைவி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

"எவ்வளவு கட்டியிருக்கே?"

"பாதி. பாதிக்குக் கொஞ்சம் மேல."

"எப்போலேருந்து?"

"முதல் நாள்லேருந்துக்கா."

"முழுசா இழுத்தப்போ 'ஃபுல் ஸ்பீடு அக்கா, ஃபுல் ஸ்பீடு'ன்னு குதிச்சியே?"

அவன் அடுத்த ஷூவின் கயிற்றுக்கு மாறினான்.

"ஸ்கூல் வண்டியில என் காலுக்குக் கீழ தனியா ஒரு பிரேக் இருக்கும். நீயும் அந்த வண்டியிலதானே கத்துக்கிட்டே? முதல் நாள் நான் என்ன சொன்னேன்?"

"எங்கிட்டயும் ஒரு பிரேக் இருக்கு, பாத்துக்கோன்னு காட்டினே."

"காட்டிட்டுத்தானேடா ஓட்டச் சொன்னேன்?"

குரலை உயர்த்தவே இல்லை. ரிமோட்டை எங்கள் கார் பானட்மேல் வைத்துவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

5

இந்தப் பகுதியில் நான் பெரிதாக ஏதாவது எழுதவேண்டும் என்று நினைத்திருந்தேன். 'அன்புக்கும் அதிகாரத்துக்கும் உள்ள' என்று தொடங்கி

வேண்டாம்.

நடந்தது இதுதான். அவன் போன் செய்வான். அவள், "தூங்கறேன்னு சொல்லுங்க," என்பாள். நான் சொல்வேன். "மாமா, அக்கா பேசறது எனக்கே கேக்குது," என்பான். இப்படியே சில வாரங்கள் போயின. கார் ஷூ அலமாரியின்மேல் கிடந்தது. எழுதிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது: அவன் செய்ததன் பக்கம் நான் இருக்கிறேன், அவன் சொல்லாததன் பக்கம் இல்லை. இதை இருவரிடமும் சொன்னேன். "மழுப்பாதீங்க," என்று இருவருமே சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் அக்காவும் தம்பியும் ஒன்று.

6

ஒரு நாள் காலையில் அவளே, "கிளம்புங்க, கடைக்குப் போகணும்," என்றாள். காரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கடை குறுகலாக இருந்தது. கூரை வரைக்கும் பெட்டிகள். கடைக்காரம்மா நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "ஓட்டறது யாரு சார், பையனா?" என்றார்.

"நான்தான்," என்றாள் என் மனைவி. இடது கையைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். "இந்த விரல் சொன்ன பேச்சு கேக்காது. இழுத்தா முழுசா இழுத்துடும். புறப்படறப்போ உதறும். இதுக்கு எந்த மோட்டார் சரியா வரும், சொல்லுங்க."

அதுவரை அவள் யார் முன்னாலும் அந்தக் கையை அப்படி வைத்து நான் பார்த்ததில்லை. வெளியே போனால் கைப்பைக்குப் பின்னால் மறைத்துக்கொள்வாள்.

கடைக்காரம்மா விரலைப் பார்க்கவில்லை. காரின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "புறப்படறப்போ மட்டும்தான் உதறுதா? ஓடறப்போ?"

"ஓடறப்போ இல்லை."

"அப்போ அது விரல் இல்லைங்க. மோட்டாரு. இதுல சென்சார் கிடையாது. உள்ள இருக்கிற காந்தம் எந்தப் பக்கம் நிக்குதுன்னு கன்ட்ரோலருக்குத் தெரியாது. அப்படியும் இப்படியும் தட்டிப் பாத்துட்டுத்தான் கிளம்பும். யார் ஓட்டினாலும் உதறும். நான் ஓட்டினாலும்தான்."

என் மனைவி மேசைமேல் இருந்த தன் விரலைப் பார்த்தாள். பிறகு, "யார் ஓட்டினாலுமா?" என்றாள்.

"யார் ஓட்டினாலும்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மேசை ஓரத்தில் அவள் மடக்கிப் பழகிய நாட்களெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன.

('தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாத மோட்டார், தன் இடம் தெரியாத விரல்' என்று இங்கே ஓர் அழகான பத்தி இருந்தது. அவள் படித்துவிட்டு, "விரல் இல்லைன்னு அந்தம்மா இப்போதானே சொன்னாங்க? மறுபடியும் அதையே கொண்டுபோய் விரல்ல ஒட்டறீங்களே," என்றாள். எடுத்துவிட்டேன்.)

கடைக்காரம்மா இரண்டு வழி சொன்னார். வேகமான மோட்டாரிலேயே சென்சார் உள்ளதை வைத்து, வேகத்தைக் கட்டிக்கொள்ளலாம். பழகப் பழகக் கட்டைத் தளர்த்தலாம். இல்லையென்றால், சென்சார் உள்ள நிதானமான மோட்டார். "இது பதினேழரைச் சுற்று. இதோட முழு வேகமே அவ்வளவுதான். நேர்ப் பாதையில மத்தவங்க தாண்டிப் போயிடுவாங்க. முதல்லயே சொல்லிடறேன்."

நான் முதல் வழி நல்லது என்று நினைத்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் இரண்டாவதைக் கையில் எடுத்துவிட்டாள்.

"இதோட முழுசு கொஞ்சமா இருந்தா பரவாயில்லை. ஆனா முழுசும் எனக்கு வேணும்."

"புறப்படறப்போ மட்டும் கொஞ்சம் மெத்துனு வெச்சுக்கலாம்மா. விரலுக்கு நல்லது."

"வெச்சுக்கலாம். எப்படி வெக்கறதுன்னு எனக்குக் காட்டிடுங்க."

(அரைச் சுற்றுக் கம்பி எப்படி இருக்கமுடியும் என்று கேட்டேன். கம்பி ஒரு பக்கம் உள்ளே போய் எதிர்ப்பக்கம் வெளியே வரும் என்றார். புரிந்த மாதிரி தலையாட்டினேன்.)

7

வீட்டுக்கு வந்து தம்பிக்கு அவளே போன் செய்தாள். "வா. மோட்டார் மாட்டணும். ஸ்க்ரூ எனக்குக் கையில நிக்காது."

"இதோ வந்துட்டேன்."

"ஸ்க்ரூ மட்டும்தான். செட்டிங்ல கை வெச்சே, தெரியும் சேதி."

வந்தான். மாட்டினான். உதறல் கதையை அவள் சொன்னபோது ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டான். "அது மோட்டார்னு எனக்குத் தெரியும்க்கா. நீ விரல்னு நினைச்சேன்னு தெரியாது."

"நானும் சொல்லல," என்றாள். "விடு. ஸ்க்ரூவைத் தொலைச்சுடாதே."

பிறகு கன்ட்ரோலரின் பொத்தானை அந்த இடது விரலாலேயே அழுத்தி அழுத்தி, தனக்கு வேண்டியதை வைத்தாள். அவன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே கொடுத்து உட்கார்ந்திருந்தான்.

இங்கே முடித்திருக்கலாம். நல்ல கதாசிரியர் முடித்திருப்பார். வேறு முடிவுகளும் கைவசம் இருந்தன. அடுத்த பந்தயத்தில் அவள் ஜெயிக்கிறாள் (பதினேழரைச் சுற்றை வைத்துக்கொண்டா? பல் டாக்டர் அம்மாவே நம்பமாட்டார்). விரல் முழுசாகக் குணமாகிவிடுகிறது (டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை). ஆனால் அந்த வார ஞாயிறன்று ஒன்று நடந்தது. அதை எழுதாவிட்டால் இவ்வளவு நேரம் உங்களை உட்காரவைத்தது நியாயமில்லை.

8

அன்று ஆறு கார்கள் ஓடின. ஓட்டாதவர்கள் ஆளுக்கொரு வளைவில் நிற்கவேண்டும். கார் கவிழ்ந்தால் நிமிர்த்திவிடுவது அவர்கள் வேலை. கவிழாத காரைத் தொடக்கூடாது என்பது விதி. எல்லோருக்கும் பயமான கடைசி வளைவைத் தம்பி தானே கேட்டு வாங்கிக்கொண்டான். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றான்.

கார் உதறாமல் கிளம்பியது. நேர்ப் பாதையில் மற்றவர்கள் தாண்டினார்கள், வளைவுகளில் அவள் பிடித்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் முகத்தில் ஜன்னலோரத்துப் பெண்மணி இல்லை. வேலைக்குப் போகிறவளின் முகம்.

பதற்றப்படுகிறவர்களுக்காக முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அன்று மாலை மூன்று பேரும் ஒரே காரில்தான் திரும்பினோம். அக்காவும் தம்பியும் பின்சீட்டில் பல்சக்கரத்தின் அளவைப் பற்றி வழி நெடுகச் சண்டை போட்டார்கள். நல்ல சண்டை.

கடைசிச் சுற்று, கடைசி வளைவு. பல் டாக்டர் அம்மாவின் கார் உள்பக்கமாக நுழைந்தது. என் மனைவியின் கார் குழாய்மேல் ஏறி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. இரண்டு சக்கரம் தரையில், இரண்டு காற்றில். அப்படியே போகிறது. விசையைக் கொஞ்சமே கொஞ்சம் விட்டால் இறங்கிவிடும், முழுசாக விட்டால் கவிழ்ந்துவிடும். அந்த விரலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தம்பிக்கும் தெரியும். அவன் கைகள் முழங்காலை விட்டு எழுந்துவிட்டன. காருக்கும் அவன் கைக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கிறது. இன்னும் கவிழவில்லை.

நடந்தது என்ன என்று மூன்று பேருக்கும் தெரியும். எழுதவும் எழுதினேன். படித்துவிட்டு அவள், "இந்த இடத்தோட நிறுத்துங்க," என்றாள். அவன், "ஆமா மாமா, நிறுத்திடுங்க," என்றான். ஏன் என்று இருவருமே சொல்லவில்லை.

ஆகவே நான் ஒதுங்கிக்கொள்கிறேன். அந்த வளைவில் இப்போது நீங்கள் நில்லுங்கள். கார் சாய்ந்தபடி உங்களை நோக்கி வருகிறது. தூரத்தில் அவள் நிற்கிறாள். உங்களைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்க்கிறாள்.

கையை என்ன செய்வீர்கள்?