காவிமண்ணில் ஒரு மச்சம்

1

1986 நவம்பர் 9. என் குறை இது: எங்கள் கோவில் சுவரில் மாதாவின் முகம் பெயர்ந்து விழுந்துவிட்டது. படம் முழுவதையும் கொத்தியெடுத்து டிஸ்டெம்பர் அடிப்பதென்று தீர்மானித்த பங்குப் பேரவை, அதாவது கோவில் நிர்வாகக் குழு, மேலிடத்துக்கு மனு எழுதும் வேலையை ஓய்வுபெற்ற தமிழாசிரியனான என் தலையில் கட்டியிருக்கிறது. மனு எழுத உட்கார்ந்தேன், கதை வந்தது.

(முதல் தொடக்கம்: ‘பனி போர்த்திய கோடைமலையின்…’ அடித்துவிட்டேன். பனியைச் சுற்றுலாக்காரர்கள் எழுதிக்கொள்ளட்டும்.)

2

1978, தவக்காலம். ஓவியர் மரியசூசை காவிமண்ணைக் குழைத்து, சொரசொரப்பான சுவரில் செம்பழுப்புக் கோடுகளால் முழுப் படத்தையும் வரைந்தார். பிறகு நாளுக்கொரு துண்டாக அதன்மேல் ஈரச் சுண்ணச்சாந்து பூசி, காய்வதற்குள் வண்ணம் தீட்டுவார். மாதாவின் முகத்துக்கு மாதிரியாக உட்கார்ந்தவர், பள்ளிச் சமையற்கட்டில் பாத்திரம் தேய்க்கும் வில்பட்டி கித்தேரியம்மாள்.

“வெரசா வரைங்க தம்பி. அடுப்புல பருப்பு கெடக்கு.”

“அசையாதீங்கக்கா. மாதாவுக்கு ஏது பருப்பு?”

“பெறகு அந்த வீட்ல யாரு சமைச்சா? அவுக வீட்டுக்காரரு சூசையப்பரா?”

3

முகம் கடைசித் துண்டு. அதுவரை காவிக்கோட்டிலேயே இருந்ததால் எல்லோரும் அடையாளம் கண்டுகொண்டனர். பேரவைத் தலைவர் ஆரோக்கியதாஸ் கொதித்தார்: “பாத்திரம் தேய்க்கிறவ முன்னாடி நான் முழங்கால் போடணுமா?”

செயலர் ஆட்சேபக் கடிதம் எழுதினார். ஒற்றுப்பிழைகூட இல்லாத கடிதம்.

(இந்தச் செயலர் பாத்திரம் எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை கோழையை வாசகர் நம்பமாட்டார். நீக்கிவிடலாமென்றால், அந்தச் செயலர் நான்.)

கோடுகளின்மேல் சாந்து ஏறியது. சாந்தின்மேல் காலண்டர் மாதாவின் ரோஜாக் கன்னம் ஏறியது.* “படம் சரியா வரலம்மா” என்று கித்தேரியம்மாளிடம் நான்தான் சொன்னேன்.

* பூசுமுன் சுவரை நனைக்க வேண்டும்; இல்லாவிட்டால் சாந்து பிடிக்காது. அந்த ஒரு துண்டுக்கு மட்டும் மரியசூசை நனைக்கவில்லை. மறந்துவிட்டார் என்று எழுதலாம். மறப்பவர் அல்லர்.

4

இன்று பூசை முடிந்ததும் கித்தேரியம்மாள், சாந்து விழுந்து காவிக்கோடு தெரியும் சுவரருகே என்னை நிறுத்தினார்.

“வாத்தியாரையா, அன்னைக்குச் சரியா வரலன்னீங்க. எந் தாடை மச்சம் அப்பிடியே கெடக்கே?”

நான் அவரிடம்… (மூன்று முறை எழுதி அடித்த வாக்கியம்.) இருமினேன்.

“சளியா? சுக்குத் தண்ணி குடிங்க” என்றார். ஆனால் போகவில்லை, நின்றார்.

5

முடிவு அ: மனு எழுதுகிறேன். வியாழக்கிழமை கொத்தனார் வருகிறார். சுவர் வெள்ளை.

முடிவு ஆ: காய்ச்சலென்று படுத்துக்கொள்கிறேன். வேறொருவர் பிழை மலிய மனு எழுதுகிறார். சுவர் வெள்ளை.

சுவரில் காவி முகம் தங்கும் முடிவு இ-க்கு, ‘அன்று பொய் சொன்னோம்’ என்று பேரவையில் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். கூட்டம் புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு. வாசகரே, வந்து என் பின்னால் நில்லுங்கள். நான் இருமினால் முதுகில் ஓங்கி அறையுங்கள்.