மறைத்து வைத்த பதினான்கு பேர்

பல் டாக்டர் எந்த நோயாளியின் பெயரையும் அழிக்க விடமாட்டார். ஒருவர் இறந்தே போனாலும் எக்செல் பட்டியலில் அவருடைய வரி இருக்க வேண்டும். கண்ணில் படாமல் மறைத்து வைத்தால் போதும். முன்னறையில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்பவள் ஏழு வருடத்தில் ஒன்பது பேரை அப்படி மரியாதையாக மறைத்திருந்தாள்.

கிளினிக் திங்கட்கிழமை வேறு கட்டடத்துக்கு மாறுகிறது. எல்லாருக்கும் புது முகவரியைக் கடிதத்தில் தெரிவிக்கச் சொன்னார் டாக்டர். அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. இடம் தெரியாதவர்கள் எப்படி வருவார்கள்? யாரும் இல்லாத ஒரு மதியத்தில், உயிரோடிருக்கும் ஐந்து பேரை அந்த ஒன்பது பேரோடு சேர்த்து மறைத்துவிட்டாள். பல்செட்டைக் கழற்றி அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் பேசுகிறவர், எப்போது வந்தாலும் தன்னைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்று மல்லுக்கு நிற்கும் அம்மாள் என்று அவளைப் படுத்தி எடுக்கும் நான்கு பேர். ஐந்தாவது ஆள் அவளுடைய அக்காவின் கணவர்.

அத்தானுக்குப் பல் வலிக்கிறதோ இல்லையோ, மாதம் ஒருமுறை வந்துவிடுவார். காத்திருப்பவர்களிடம் இவள் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டது, சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தது என்று ஒன்றுவிடாமல் அவிழ்த்துவிடுவார். டாக்டர்கூடத் துளைக்கும் கருவியை நிறுத்திவிட்டுக் காதுகொடுப்பார்.

வெள்ளிக்கிழமை காலை பட்டியலை, ஒரே கடிதத்தை ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியாக ஆக்கித் தரும் மெயில் மெர்ஜில் இணைத்தாள். இருநூற்றுப் பதினேழு கடிதம் வர வேண்டிய இடத்தில் இருநூற்று முப்பத்தொன்று வந்தது. மூன்றாவது கடிதத்தைப் படித்துப் பார்த்தாள். இரண்டு வருடம் முன்பு காலமான ஓவிய ஆசிரியரை, புது இடத்துக்குத் தவறாமல் வந்து பல்லைக் காட்டும்படி டாக்டர் அன்போடு அழைத்துக்கொண்டிருந்தார்.

கோப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி இணைத்தாள். பதினான்கு பேரும் அசைந்து கொடுக்கவில்லை. நான்கு மணிக்குத் தபாலில் சேர்க்க வேண்டும். இந்த வேலை தெரிந்த ஒரே ஆள், அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் கடிதம் அடித்துத் தள்ளும் அத்தான்தான். போனிலேயே வழி கேட்டுத் தப்பித்துக்கொள்ளப் பார்த்தாள். பக்கத்துத் தெருதானே என்று அவர் நேரிலேயே வந்து நின்றார்.

எண்ணிக்கை கொஞ்சம் கூடுதலாக வருகிறது என்றும், இறந்தவர்களுக்கும் கடிதம் போகிறது என்றும் பட்டும் படாமலும் சொன்னாள்.

"மறைச்சா நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது. மெர்ஜ் எல்லா வரியையும் படிச்சிடும்," என்றபடி அவர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

பட்டியலின் இடது ஓரத்து வரி எண்களில் நாற்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டு வந்தது. அதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். அவர் மொத்தப் பட்டியலையும் தேர்ந்தெடுத்து, மறைந்திருந்த வரிகளை வெளியே கொண்டுவந்தார்.

நாற்பத்தொன்றாவது வரியில் அவர் பெயர் இருந்தது.

உள்ளே கருவி ஓடி நின்றது. மறுபடி ஓடி நின்றது. சுவரில் மாட்டியிருந்த ஈறு படத்தை அவள் முதல்முறை பார்ப்பவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எப்ப போனேன்?" என்று கேட்டார் அத்தான்.

"போன வாரம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

அவர் தலையாட்டினார். தன்னோடு அகால மரணமடைந்த மற்ற நால்வரும் யார் யார் என்று விசாரித்தார். அவள் தணிந்த குரலில் ஒவ்வொருவர் குற்றத்தையும் சொன்னாள். பிறகு அவர் பட்டியலில் ஒரு புதுப் பத்தியைச் சேர்த்து, உண்மையில் போனவர்கள் ஒன்பது பேருக்கு நேராகக் 'காலமானார்' என்று அடித்தார். அந்தப் பத்தி காலியாக இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி மெர்ஜில் வடிகட்டினார். எண்ணிக்கை இருநூற்று இருபத்திரண்டு என்று வந்து நின்றது.

ஐந்து பேரும் உயிர்த்தெழுந்துவிட்டதை அவள் மனதுக்குள் கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டாள்.

"அத்தான், நீங்க வாங்க, நான் ஒண்ணும் சொல்லல. அந்த நாலு பேரையாவது எடுத்துடுங்களேன்."

"அதெப்படி? நான் சொல்றத உக்காந்து கேக்க ஆள் வேணாமா?"

பிரிண்டர் கடிதங்களைத் துப்பி முடித்ததும், அதிலிருந்து ஐந்தைத் தேடி எடுத்தார். நான்கின் அடியில், திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டாயம் வரவும் என்று தன் கையாலேயே எழுதினார். ஐந்தாவதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஐந்து பேரையும் அந்த நேரத்துக்கே நோட்டில் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அவள் நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தாள்.

"பேனாவால எழுது," என்றார் அத்தான்.