மாடியில் கிடந்த பலகை

முந்நூற்றுத் தொண்ணூற்றாறு நாள். ஆனியில் தொடங்கி மறு ஆடி வரை ஒரு மாம்பலகை எங்கள் மரக்கடை மாடியில் வெயிலிலும் மழையிலும் கிடந்ததாக நான் எழுதிய கணக்கு அது. மழையில் உளுக்காமலிருக்க, மேல்தோல் மட்டும் கரியும்படி லேசாகச் சுட்ட பலகை. உளுக்கவில்லை, பூஞ்சை பிடிக்கவில்லை. வெளிச்சுவருக்கு இந்தச் சூடு போதும் என்று கையெழுத்திட்டேன்.

ராஜபாளையத்தில் எங்கள் கடையில் பி.எஸ்ஸி. படித்தவள் நான் ஒருத்திதான். மறுத்துப் பேசியவர் தச்சர் சோணைமுத்து மட்டும்.

"நல்லா ஆழமாச் சுடணும் தாயி. அறுத்த முனையிலயும் தீ காட்டணும். இது பவுடர் பூசுன மாதிரில்லா இருக்கு."

தாளில் இருப்பதைக் காட்டினேன். அவர் அப்படியே சுட்டார்.

ஒரு மழைக்காலம் போனது. சுந்தரபாண்டியத்தில் சுடலையம்மாளின் மாட்டுக்கொட்டகைக்கு நாங்கள் அடித்துக் கொடுத்த பலகை அடைப்பு உளுத்துவிட்டதாகப் போன் வந்தது. முதலாளி சுப்புராஜ் எங்கள் இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். சோணைமுத்து ஒடுங்கி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியும் நான் வெளியே பார்த்தபடியே வந்தேன்.

சுடலையம்மாள் பலகையில் விரலால் குத்தினார். விரல் உள்ளே போனது.

"இத தீயில சுட்டியளா, இல்ல இதுல பீடி பத்த வச்சியளா?"

முதலாளிக்கு முகம் சிவந்தது. "ஏலே சோணை, சுடுற கேஸ மிச்சம் பிடிச்சியாலே?"

"பேப்பர்ல இருந்தபடிதான் சுட்டேன் மொதலாளி."

"பேப்பரு பொய் சொல்லுமா? மாடியில கெடந்த பலகை இன்னும் கல்லு மாதிரி இருக்கு. நாளைலருந்து நீ வேலைக்கு வராத."

சோணைமுத்து என்னைப் பார்க்கவில்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். பிறகு ஓர் உளுத்த துண்டை எடுத்து, தன் கை பிசகியிருக்குமோ என்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொதலாளி," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"என்னம்மா?"

"அந்தப் பலகை அடைமழையப் பாக்கவே இல்ல. ஆயுத பூசைக்குக் கடையக் கழுவுனப்ப, கரிஞ்ச கட்ட நல்ல நாள்ல கண்ணுல படக்கூடாதுன்னு நாந்தான் எடுத்துச் சாக்குல சுத்தி உள்ள வச்சேன். மறந்துட்டேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் திரும்ப மாடியில போட்டேன். உள்ள கெடந்த அத்தன நாளையும் சேத்துத்தான் எழுதுனேன்."