பச்சைத் தண்ணீர்

தண்ணீர் சூடாகிவிட்டது என்று சொல்ல பியூலா பின்கட்டுக்கு வந்தபோது, வால்டர் ஐஸ் பெட்டியின் மூடிமேல் ஒரு கையை வைத்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். சூடு ஆறாத அந்தப் பெட்டிக்குள் பீருக்காக முளைகட்டி உடைத்த பார்லி வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தது. இனிப்புக் கஞ்சி வாசம் பனியோடு கலந்து முற்றத்தில் நின்றது. பழைய தங்கச் சுரங்கத்தின் சயனைடு மண்மேடுகள் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"இன்னாங்க, சூடு வந்துடுச்சு. எறக்கட்டா?"

பெட்டிக்குள் ஏதோ சத்தத்தை உன்னிப்பாகக் கேட்பவர்போல அவர் தலை சாய்ந்திருந்தது. அதைக் கலைக்க வேண்டாம் என்று அவளும் சற்று நேரம் நின்றாள். பிறகுதான் மணிக்கட்டைத் தொட்டாள்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்துதான் பக்கத்து வீட்டு மாலாவைக் கூப்பிட்டாள். அப்படிச் செய்தது அவளுக்கே பிறகு விசித்திரமாக இருந்தது.

டாக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு என்றார். அதன்பின் எல்லாச் சத்தமும் போர்வைக்கு வெளியே கேட்பதுபோலக் கேட்டது. சபைப் பெண்கள் வந்தார்கள். குளிப்பாட்ட வேண்டும் என்றார்கள்.

"சுடுதண்ணி கீதாக்கா?" என்றாள் மாலா.

பியூலா அடுப்பின்மேல் இருந்த பெரிய குண்டானைக் காட்டினாள். பார்லியைக் கழுவ வால்டர் வைக்கச் சொன்ன தண்ணீர். அதை விளாவி அவரைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக் கூடத்தில் கிடத்தினார்கள். இனி அடக்கம் முடியும்வரை வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. டீ மாலா வீட்டிலிருந்து வந்தது.

நோயல் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வால்டரின் தம்பி, சபையில் மூப்பர். பெங்களூர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஃபோனில் பார்த்துப் பார்த்து வீட்டிலேயே பீர் காய்ச்ச ஆரம்பித்த நாளிலிருந்து இந்த வாசலை மிதிக்காதவன். அண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தான்.

"அண்ணி, பாஸ்டர் வந்துடுவாரு. அதுக்குள்ள இத கொட்டிட்லாம்."

அவனே மூடியைத் திறந்தான். ஆவி எழுந்து அவன் முகத்தில் படிந்தது. மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"இன்னும் சூடா கீது அண்ணி."

பியூலா பெட்டியின் குழாயைத் திருகினாள். காப்பி நிறத்தில், கெட்டியாக, சாறு பாத்திரத்தில் இறங்கியது. அது வடிந்து நின்றதும், "இத கழுவணும்," என்றாள். "தானியத்துல சக்கர இன்னும் ஒட்டினிருக்கும்."

"சுடுதண்ணிக்கு எங்க போறது?"

போன மழைக்காலத்தில் பாதியில் கேஸ் தீர்ந்துபோனபோது அவளும் இதையேதான் கேட்டாள். வால்டர் குழாயடியில் வாளியை வைத்துவிட்டுச் சிரித்தார். "பச்சத் தண்ணியே போதும் பியூ. கொஞ்சம் சக்கர உள்ளயே தங்கிடும். தங்கட்டுமே, மாடு துன்னும்."

வாளியில் தண்ணீர் பிடித்து வந்து ஒரு சொம்பு ஊற்றினாள். மொத்தமாக விழுந்ததில் தானியத்தில் பள்ளம் விழுந்தது. நோயல் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு சொம்பை வாங்கினான்.

"மெதுவா தம்பி. கரண்டி மேல ஊத்து."

அவள் பிடித்த கரண்டியின்மேல் அவன் ஊற்றினான். குளிர்ந்த தண்ணீர் சூடான தானியத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. கீழே சாறு காப்பி நிறத்திலிருந்து டீ நிறமாயிற்று. டீயிலிருந்து வைக்கோல் நிறமாயிற்று. கூடத்தில் யாரோ பாட்டு எடுத்தார்கள்.

"அண்ணன் என்னப் பத்தி எதுனா சொல்வாரா?"

"காய்ச்சுற அன்னிக்கெல்லாம் சொல்வாரு. 'சன்னல சாத்து பியூ, நோயலுக்கு வாசம் போயிடப்போவுது'ன்னு."

நோயல் இன்னொரு சொம்பு மொண்டான்.

"ரெண்டு லைன் வீடு தள்ளித்தான கீறேன்," என்றான். "வரும் அண்ணி. ஒவ்வொரு வாட்டியும் வரும்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. கரண்டியைக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தாள்.

மதிலுக்கு அப்பாலிருந்து மாலா எட்டிப்பார்த்தாள். "இன்னிக்கே காய்ச்சலன்னா புளிச்சிடும்னு அண்ணன் சொல்வாரே. எங்கூட்டு அடுப்புல வெக்கட்டாக்கா?"

பாத்திரத்தை நோயலும் மாலாவின் புருஷன் முனியப்பனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தளும்பாமல், தெருப்பக்கமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். கேட்க நினைத்தவர்கள் நோயலின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

பாஸ்டர் வந்து ஜெபம் முடித்துப் சவப்பெட்டியை மூடுமுன் கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். நோயல் பாட்டுப் புத்தகத்தைப் பியூலாவுக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டான். முதல் பக்கம் முடிந்து திருப்பும்போது தாள் பிசுபிசுத்த அவன் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. விரலைத் துடைக்காமலே அவன் அடுத்த அடியைப் பாடினான்.