ஊஞ்சல் நிற்கும் இடம்

எங்கள் காலனிக்கு ஐம்பது வயது. நலச்சங்கம் பொன்விழா மலர் போட்டது. காலனியின் வரலாற்றையும் பூங்காவின் வரலாற்றையும் என்னை எழுதச் சொன்னார்கள். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். முதலில் வீடு கட்டியவர்களில் மிச்சம் இருப்பதும் நான்தான்.

பூங்காவைப் பெருக்கும் இசக்கித்தாய் கேள்விப்பட்டு வந்தாள்.

"சார், ஊஞ்சல் நிக்குதுல்லா, அங்கனதான் எங்க குடிசை. மொத்தம் ஏழு வீடு. எல்லாரும் உப்பளத்துக்குப் போறவங்க. எம்மவ அங்கனதான் பிறந்தா. அதையும் எழுதுங்க."

"எழுதுதேன்."

ஏழு வீட்டுக்காரர்களின் பெயரையும் சொன்னாள். குறித்துக்கொண்டேன்.

குடிசைகள் இருந்தன என்று எழுதினால், எப்படிப் போயின என்றும் எழுத வேண்டும். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், அவற்றை அகற்றிப் பூங்கா அமைக்கக் கோரி ஒரு மனு போனது. எழுதியவன் நான். முதல் கையெழுத்தும் என்னுடையது. இசக்கித்தாய்க்கு அது தெரியாது.

'தரிசாகக் கிடந்த இடம்' என்று மட்டும் எழுதினேன்.

வெளியீட்டு விழா பூங்காவிலேயே நடந்தது. எல்லோரும் போனபின் அவள் காகிதக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு மலரும் ஒரு பாக்கெட் மக்ரூனும் கொடுத்திருந்தார்கள்.

"எங்க வீடு எந்தப் பக்கம் சார்?"

பதினோராம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன்.

"இந்தப் படத்துல நீங்களா? மாப்பிள்ளை கணக்காலா இருக்கிய!"

பூங்கா திறந்த அன்று எடுத்த படம். சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

"வாசிங்க சார். எனக்கு எங்க வாசிக்கத் தெரியும்?"

மலரை வாங்கினேன்.

"ஊஞ்சல் நிற்கும் இடத்தில் ஏழு குடிசைகள் இருந்தன. உப்பளத் தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள். இசக்கித்தாயின் மகள் இங்கேதான் பிறந்தாள்."

குரல் தடுமாறவில்லை. முப்பது வருடம் வகுப்பில் வாசித்த குரல்.

"அந்த ஏழு பேரு?"

ஏழு பெயரையும் சொன்னேன். ஒன்றுகூட மறந்திருக்கவில்லை.

அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு மலரை வாங்கினாள். அந்தப் பக்கத்தின் முனையை மடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை எம்மவ வேம்பார்லேர்ந்து வாரா. பன்னெண்டு வரைக்கும் படிச்சவ. அவ வாசிக்கட்டும்."

மலரை மறுபடியும் என்னிடம் நீட்டினாள்.

"எழுதுனது நீங்கதானே? அடியில ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்."

பேனாவை எடுத்தேன். போட்டேன்.