எட்டத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று

நரெல்லின் கேமரா உயிரைவிட்டது ஒரு கப்பல் துறைமுகத்தைத் தாண்டிக்கொண்டிருந்த நேரத்தில். தன் வீடு இருக்கும் ஸ்டாக்டன் கரையின் அலைத்தடுப்புச் சுவரில் வழக்கமான இடத்தில் நின்றபடி, நிலக்கரி ஏற்றிய கப்பலின் முகப்பில் ஆரஞ்சு உடையோடு கையசைத்துக்கொண்டிருந்த பிரிபோவைக் கேமராக் கண்ணுக்குள் கொண்டுவந்து பொத்தானை அழுத்தினாள். உள்ளே ஏதோ 'கிறீச்' என்றது. கண்ணெதிரே இருட்டு. தட்டினாள், குலுக்கினாள், பாட்டரியைக் கழற்றி மாட்டினாள். தலை நிமிர்ந்தபோது பிரிபோ ஒரு ஆரஞ்சுப் புள்ளியாகியிருந்தான். கொஞ்ச நேரத்தில் அந்தப் புள்ளியும் இல்லை.

அதற்குப் பிறகு புதுக் கேமரா வாங்கும் பேச்சை இரண்டு மாதம் தள்ளிப்போட்டாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஊசி குத்துகிற வேலை. சனிக்கிழமைகளில் படகில் அக்கரைக்கு, நியூகாசில் நகரத்துக்குப் போய் மாலுமிகள் இல்லத்தில் தேநீர் ஊற்றிக் கொடுப்பாள். மணமுறிவுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ஆரம்பித்த பழக்கம் அது. அங்கேதான் பிரிபோ அறிமுகமானான். கிரிபாட்டித் தீவுக்காரன், போசன், அதாவது கப்பல் தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி. மனைவியை இழந்தவன். ஒரே மகள் அங்கே தராவாவில் ஆசிரியை. அவனுடைய கப்பல் சில மாதங்களுக்கு ஒருமுறை நியூகாசிலுக்கு வரும். வந்தால் ஓரிரு மாலைகள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, தேநீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்டு பேசுவான். அவன் ஊரில் தென்னையில் கள் இறக்குகிறவர்கள் உச்சியில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி பாடுவார்களாம். ஒருமுறை நரெல் பாடச் சொன்னாள்.

"தரையில உக்காந்தா பாட்டு வராதுங்க. ஒரு மரம் காட்டுங்க, ஏறிப் பாடுறேன்."

"இந்த ஊர்ல பைன் மரம்தான் இருக்கு."

"அதுல கள்ளும் வராது, பாட்டும் வராது" என்றான்.

இவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்தது. இதற்குமேல் இரண்டு பேருமே ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் கப்பல் போன பிறகு நரெல்லுக்கு வீடு பெரிதாகிவிடும். சமையலறையில் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். அவன் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பாள். மூக்கு வரும், சிரிப்பு வரும், கண் வராது. இல்லத்தின் மங்கிய வெளிச்சத்தில் பழைய கேமராவில் எடுத்த படங்களைத் திறந்தால், முகமெல்லாம் ரவை தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருக்கும்.

கப்பல்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் செயலியைத் தினமும் பார்ப்பாள். ஒரு நாள் அவன் கப்பலின் பெயர் சாலமன் தீவுகளைக் கடந்து தெற்கே இறங்குவது தெரிந்தது. அன்றைக்கே டெஸ்ஸுக்குப் போன் செய்தாள்.

டெஸ் இழுவைப் படகில் என்ஜின் பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பல்களைப் படம் எடுப்பதைத் தவிர வேறு ஜோலி இல்லை. ஹாமில்டனில் மர்ரேயின் கேமராக் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? ஃபுல் ஃப்ரேம் வாங்கிட்டு நிம்மதியா இரு. கிராப் சென்சாரெல்லாம் பழகுறவங்களுக்கு."

"நான் இத்தனை வருஷமாப் பழகிட்டுத்தான் இருக்கேன் போல" என்றாள் நரெல்.

"யோவ் டெஸ், கடை என்னுதா, உன்னுதா?" என்று மர்ரே இரண்டு கேமராக்களையும் மேஜைமேல் வைத்தார். "இங்க பாரு நரெல். ரெண்டும் நல்ல சாமான். கிராப்புல படம் பிடிக்கிற சென்சார் சின்னது. நடுவுல விழுறதை மட்டும் வச்சுக்கிட்டு ஓரத்தை வெட்டிடும். அதனால உன் லென்ஸையே மாட்டினாலும் தூரத்துல இருக்கிறது இன்னும் கிட்ட வந்த மாதிரி இருக்கும். ஃபுல் ஃப்ரேம் அப்படி இல்ல. எல்லாத்தையும் வாங்கிக்கும், வெளிச்சத்தையும் நிறையக் குடிக்கும். இருட்டு அறையில மூஞ்சி எடுத்தா தோல் தோலாத் தெரியும், புள்ளி அடிக்காது. ஆனா தூரத்துல இருக்கிறது தூரத்துலதான் இருக்கும்."

"ரெண்டும் வேணும்னா?"

"பெரிய லென்ஸா வாங்கணும். அதைத் தூக்கிட்டு நடக்க ஒரு கழுதையும் வாங்கணும். அதை விடு, நீ என்ன எடுக்கப்போறே, சொல்லு."

"கப்பல்."

"கப்பல் பெருசும்மா. எந்தக் கேமராவுலயும் விழும். கப்பல்ல எதை எடுக்கப்போறே?"

நரெல்லுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. டெஸ் சட்டென்று கூரையில் இருந்த மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். மர்ரே இரண்டு கேமராக்களையும் அவள் பக்கம் தள்ளினார்.

"உன் லென்ஸ் ரெண்டுக்கும் பொருந்தும். ஒரு வாரம் ரெண்டையும் வாடகைக்குக் கொண்டுபோ. எது கையில ஒட்டுதோ அதை வச்சுக்கோ" என்றார்.

அந்த வாரம் நரெல் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தாள். படகுத் துறைக் கம்பத்தில் உட்கார்ந்த பெலிகனை, அடிவானத்தில் முறைக்குக் காத்து நின்ற கப்பல்களை, மாலையில் விளக்குப் போடாத தன் சமையலறையை. கிராப் கேமராவில் பெலிகனின் இமை தெரிந்தது. ஃபுல் ஃப்ரேமில் சமையலறையின் இருட்டுக்குள் தேநீர்க் கெண்டியின் பளபளப்பு அப்படியே வந்தது. ஒவ்வொரு இரவும் ஒரு முடிவோடு படுத்து, காலையில் இன்னொன்றோடு எழுந்தாள்.

கப்பல் உள்ளே வந்த காலை, எப்போதும் போடும் சிவப்பு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு சுவரின் முனைக்குப் போனாள். முதலில் ஃபுல் ஃப்ரேமை எடுத்தாள். பெரிய வானம், பெரிய முகப்பு, அதன்மேல் விரல்நுனி அளவுக்கு ஒரு ஆள். லென்ஸைக் கழற்றி மற்றதில் மாட்டினாள். பிரிபோ நெஞ்சுவரை வந்துவிட்டான். மீசை நரைத்திருந்தது. போன தடவை அவ்வளவு நரை இல்லை. அவன் எதையோ தேடி, கண்டுபிடித்து, இரண்டு கையையும் தூக்கினான்.

மறுநாள் சனிக்கிழமை, நல்ல மழை. இல்லத்தில் பிற்பகலிலேயே இருட்டிவிட்டது. பிலியர்ட்ஸ் மேஜையில் நான்கைந்து மாலுமிகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரிபோ ஜன்னலோரம் உட்கார்ந்து தேநீரைக் கலக்கினான், கலக்கிக்கொண்டே இருந்தான்.

"சர்க்கரை எப்பவோ கரைஞ்சிருக்கும்" என்றாள் நரெல்.

"இந்தப் பக்கம் இதான் கடைசிங்க. கம்பெனி கப்பலை பிரேசில் பக்கம் திருப்புது. டிசம்பர்ல என் ஒப்பந்தமும் முடியுது. அப்புறம் வீட்டுக்குப் போறேன், இனிமே கப்பல் வேண்டாம்னு மக சொல்லிட்டா."

நரெல் மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "நல்லதுதான். முதுகுக்கு ஓய்வு கிடைக்கும்" என்றாள்.

அவன் போனை எடுத்து அவள் பக்கம் திருப்பினான். கப்பலின் முகப்பிலிருந்து எடுத்த படம். கடல், நீளமாகக் கற்சுவர், அதன் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு.

"இது நீங்க" என்றான். விரலால் தள்ளினான். இன்னொரு படம், வேறு வானம், அதே பொட்டு. "இதுவும் நீங்கதான்." தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. "உங்ககிட்ட என் பல்லு வரைக்கும் இருக்கு. என்கிட்ட இதான் இருக்கு."

நரெல் போனைக் கிட்ட இழுத்துப் பார்த்தாள். இத்தனை நாளும் தான் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தாள்.

"ஒரு படம் எடுத்துக்கட்டுமா? கிட்ட இருந்து" என்றான்.

தன்னை யாராவது படம் எடுப்பது அவளுக்குப் பிடிக்காது. கழுத்துச் சுருக்கம், ஒரு பக்கம் ஏறின புருவம், எல்லாமே ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் ஃபுல் ஃப்ரேமை எடுத்து, தன்னிடமிருந்த இன்னொரு சின்ன லென்ஸை மாட்டி, எங்கே அழுத்துவது என்று காட்டிக் கொடுத்தாள். அவன் கயிறும் சங்கிலியும் பிடித்துக் காய்த்த கையால் அதை முட்டையைப் போல ஏந்தினான்.

"சிரிக்காதீங்க. ஊசி குத்துறப்ப எப்படி இருப்பீங்களோ, அப்படி இருங்க."

அவள் சிரித்துவிட்டாள். அந்த நொடியில் அழுத்திவிட்டான். பிறகு அவள் அவனை எடுத்தாள். மழை வழிகிற கண்ணாடியின் சாம்பல் வெளிச்சம் அவன் முகத்தில் பாதிக்கு விழுந்தது. திரையில் பார்த்தாள். ஒரு புள்ளி இல்லை. இதுவரை நினைவில் வராத கண்கள் அங்கே இருந்தன, கொஞ்சம் மஞ்சள் படிந்து, அவளையே பார்த்துக்கொண்டு.

"டிசம்பர்ல இருந்து வீட்லதான் இருப்பேன்" என்றான் மெதுவாக. "எங்க ஊருக்கு ஃபிஜி வழியா விமானம் இருக்கு. மக நல்லா மீன் சுடுவா."

"தேநீர் ஆறிடுச்சு. வேற போட்டுத் தர்றேன்" என்று எழுந்து உள்ளே போனாள். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது துறைமுகத்துக்குப் போகிற வேன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பிரிபோ நின்றபடியே தேநீரை முழுக்கக் குடித்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை மாலை கப்பல் கிளம்புவதாகச் செய்தி. அன்று காலை வேலைக்குப் போகிற வழியில் நகரத்தில் இறங்கி, அவன் எடுத்த படத்தைப் அச்சுப் போட்டு வாங்கினாள். இல்லத்தில் கொடுத்தால் வேனில் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே பொறுப்பாளர் கிளெனிஸ் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"அடியே, நேரம் மாத்திட்டாங்க! இப்பவே கிளம்புது. கொடு கொடு, கப்பல் ஏணியைத் தூக்குறதுக்குள்ள போய்ப் பார்க்கிறேன்" என்று உறையைப் பிடுங்கிக்கொண்டு வேனுக்கு ஓடினாள்.

ஸ்டாக்டனுக்கு அடுத்த படகு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நரெல் டெஸ்ஸை அழைத்தாள். அவர் ஏற்கெனவே இந்தக் கரையில், நாபிஸ் கடற்கரை வாகன நிறுத்தத்தில் இருந்தார். வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனார். நாபிஸ் பக்கத்து அலைத்தடுப்புச் சுவரில் இருவரும் ஏறக்குறைய ஓடினார்கள். நாயோடு நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள் என்று ஒரே கூட்டம். அவள் வேலைக்குப் போட்டிருந்த சாம்பல் சீருடையில் இருந்தாள்.

கப்பல் வந்தது. மாலைக்காகப் பையில் வைத்திருந்த கிராப் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள். பிரிபோ முகப்பில் நின்றிருந்தான். அவ்வளவு கிட்டத்தில் அவனை அதற்குமுன் கப்பலில் பார்த்ததில்லை. ஆனால் அவன் முதுகைக் காட்டி நின்றான். எதிர்க்கரையில், ஸ்டாக்டன் சுவரைத் தேடிக்கொண்டிருந்தான். அங்கே ஒருவரும் இல்லை. ஆளில்லாத கற்களைப் பார்த்துப் போனைத் தூக்கிப் பிடித்தான், தாழ்த்தினான், கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தான்.

"பிரிபோ!" என்று கத்தினாள். இழுவைப் படகின் இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை.

"போன் பண்ணும்மா! கையிலதான வச்சிருக்கான்!" என்று டெஸ் கத்தினார்.

அழைத்துவிட்டு, ஒரு கையில் கேமராவும் மறு கையில் போனுமாக நின்றாள். கேமராவுக்குள் அவன் திடுக்கிட்டுப் போனைப் பார்ப்பதும் காதில் வைப்பதும் தெரிந்தது.

"எங்க இருக்கே?" என்றான். முதல் தடவையாக, 'ங்க' இல்லாமல்.

"இந்தப் பக்கம். உனக்குப் பின்னாடி. திரும்பு."

திரும்பினான். முகம் முழுக்கக் கண்ணாடிக்குள் வந்தது. கண்கள் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அலைந்தன.

"நிறையப் பேர் இருக்காங்க. சிவப்பைக் காணோமே."

"சிவப்பு போடல."

"எனக்குத் தெரியல, நரெல்."

"எனக்கு நல்லாத் தெரியுது" என்றாள். "படம் வந்து சேர்ந்துச்சா?"

சட்டைப் பையை அவன் தட்டிக் காட்டினான். யாருக்குக் காட்டுகிறோம் என்று தெரியாமலே காட்டினான். பிறகு கையைத் தூக்கிச் சுவர் முழுவதற்கும் அசைத்தான். சைக்கிளில் போன ஒருவன் பதிலுக்குக் கையசைத்தான், தள்ளுவண்டிக்காரியும் அசைத்தாள். நாய் குரைத்தது. அத்தனை கைகளுக்கு நடுவில் நரெல் கையசைக்கவில்லை, கேமராவை இறக்க மனம் வரவில்லை. "நங்கூரச் சங்கிலிகிட்ட போகணும். வச்சுடறேன்" என்றான். இணைப்பு அறுந்தது. அவன் குனிந்து வேலையைப் பார்க்கத் தொடங்கினான். கப்பல் கடலில் முதல் அலையில் ஏறி இறங்கும்வரை அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியில் போகும்போது, "என் கைக்குட்டை அழுக்கா இருக்கு, டாஷ்போர்டு டப்பாவுல டிஷ்யூ இருக்கு பாரு" என்றார் டெஸ்.

வாடகைக் கெடு முடிந்ததும் மர்ரே கடைக்குத் தனியாகப் போனாள். கிராப் கேமராவைத் திருப்பி வைத்தாள்.

"அட, நீ இதைத்தான் எடுப்பேன்னு நினைச்சேன். கப்பலெல்லாம் சின்னதாயிடுமே நரெல்?"

"ஆகட்டும்."

"டெஸ் பேச்சைக் கேட்டு எடுக்கலையே? அப்புறம் அந்த ஆள் தலைகால் புரியாம ஆடுவான்."

"அவர்கிட்ட சொல்லாதே" என்றாள்.

சில நாட்கள் அந்தக் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. பிறகு கிளெனிஸ் ரொட்டி வெட்டுவதை எடுத்தாள், வேலையிடத்தில் முறைக்குக் காத்திருக்கும் கிழவர் ஒருவரை அவர் சம்மதத்தோடு எடுத்தாள். பிரேசிலிலிருந்து எப்போதாவது ஒரு செய்தி வரும்: இங்கே மழை, இங்கே வெயில், தேநீர் நன்றாக இல்லை. பதில் எழுதி, அழித்து, வேறொன்று எழுதி அனுப்புவாள். மீன் பற்றியோ விமானம் பற்றியோ அவன் மறுபடி கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நவம்பரில், வசந்தம் முடியும் சமயத்தில் மேலாளரிடம் டிசம்பர் கடைசிக்கு விடுப்புக் கேட்டாள்.

"எங்கயாவது போறியா?" என்றார் மேலாளர்.

"இன்னும் முடிவு பண்ணல" என்றாள் நரெல்.

அன்று சாயங்காலப் படகில் மேல்தளத்தில் நின்றாள். ஒரு கப்பல் எதிரே உள்ளே வந்துகொண்டிருந்தது, தெரியாத பெயர், தெரியாத கொடி. முகப்பில் யாரோ நின்றிருந்தார்கள். முகம் தெரியவில்லை. நரெல் கையை உயர்த்தி அசைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த ஆளும் அசைத்தான்.